தில்லைத்துறைப் புதிய பாதை

உசாந்தியிடம் இங்கிலீஷ் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு கரைச்சல் உண்டு. ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்து இதற்கு இங்கிலீஷில் என்ன என்று அவள் கேட்டால், தெரிந்தாலும் உடனே சொல்லிவிட முடியாது. முதலில் பலகைக்குப் போய் அந்தச் சாமானைப் படமாகக் கீற வேண்டும். குடம் என்றால் குடம், வாளி என்றால் வாளி. மற்றப் பிள்ளைகள் பார்த்து, ஓம், இதுதான் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் இங்கிலீஷ். தாய் தகப்பன்மாருக்கு இது பிடிப்பதில்லை. சித்திரம் பழகவா பிள்ளையை அனுப்பினோம் என்று கேட்டுவிட்டு, களுவாஞ்சிக்குடிப் பக்கம் வேறு ரியூசனுக்கு மாற்றியவர்களும் இருக்கிறார்கள். அவள் யாரையும் மறிப்பதில்லை. குருக்கள்மடத்தில் பிரதான வீதியை ஒட்டி ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, மிஞ்சிய பிள்ளைகளோடு காலத்தை ஓட்டுகிறாள்.

அவள் வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போனவள், முடிக்காமல் வந்தவள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் முடிக்கவில்லை என்பதற்கு ஊரில் நாலைந்து கதை ஓடுகிறது. காதல் என்கிறார்கள், தலையில் ஏதோ தட்டிவிட்டது என்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் படுவான்கரையில் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கிற குடும்பநல மாது. எனக்கு வாய் கொஞ்சம் கூடத்தான். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல அந்த வாய் போதும்.

வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். ஆற்றுக்குக் கிழக்கே, கடலோரம், எழுவான்கரை. பெரிய கடைகள், ஆஸ்பத்திரி, பஸ் ஓடுகிற வீதி எல்லாம் அங்கேதான். மேற்கே படுவான்கரை. அங்கே வயலும் மாடும் எங்கள் சனமும். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். பாலம் இருக்கிறது, ஆனால் படுவான்கரையில் ஆற்றோரம் கிடக்கிற தில்லைத்துறைக்காரருக்கு அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. அவர்களுக்கு இருப்பது பாதை.

வெளியூர்க்காரர் இந்தச் சொல்லில்தான் தடுக்குவார்கள். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் கால் நடக்கிற வழி அல்ல. அது மிதக்கிற ஒன்று. இரும்புத் தெப்பங்களின் மேல் பலகைத் தட்டு, இரண்டு ஓரத்திலும் கம்பி வேலி, கரைக்குக் கரை கட்டிய கம்பிக் கயிறு. அந்தக் கயிற்றைக் கையால் இழுத்து இழுத்து அக்கரைக்குப் போவோம். "பாதை வந்திட்டா?" என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் ஆற்றைப் பார்ப்பார்கள். தரையில் நடக்கிறது தெரு அல்லது றோட்டு. இந்த வித்தியாசம் தாய்ப்பாலோடு வந்தது, ஒருவரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

உசாந்தி தில்லைத்துறைப் பிள்ளை. தகப்பன் சண்டைக் காலத்தில் போனவர், திரும்பவில்லை. தாய் மங்கையற்கரசி எருமைத் தயிர் வியாபாரம். விடியப் பாதையில் ஏறி, எழுவான்கரைக் கடைகளுக்குச் சட்டி சட்டியாகக் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவாள். நானும் அதே பாதையில் எதிர்ப்பக்கமாக வேலைக்குப் போகிறவள். நடு ஆற்றில் அவளைக் காண முடியாது, துறையில்தான் காண்பேன். காணும்போதெல்லாம் ஒரே விசேஷம்தான்: மகள். மகள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், மகள் முதலாம் வகுப்பில் பாஸ், மகளுக்கு வெளிநாட்டுப் புலமைப்பரிசில்.

அந்தப் படிப்பைப் பற்றி, விடுமுறைக்கு வந்திருந்தபோது உசாந்தியே எனக்கு ஒருநாள் விளக்கினாள். நாளைய உலகத் தலைவர்களை உருவாக்குகிற பட்டமேற்படிப்பாம். ஒரு துறையை மட்டும் கரைத்துக் குடித்தவனால் உலகத்தின் கஷ்டங்களைத் தீர்க்க முடியாதாம். அதனால் எஞ்சினியரையும் டொக்டரையும் பொருளியல்காரியையும் சட்டம் படித்தவனையும் ஒரே மேசையில் இருத்தி, ஒரு பருவத்துக்குள் ஓர் உண்மையான ஊரின் ஓர் உண்மையான பிரச்சினையைத் தீர்க்கச் சொல்லுவார்களாம். காசும் கொடுப்பார்களாம். முறைக்கு முறை ஒருவர் குழுத்தலைவர்.

"இந்த முறை நான்தான் மிஸ் தலைவர். ஊரும் எங்கட ஊர்" என்றாள். முகம் அப்படி மின்னியது.

நான் சிரித்தேன். "அப்ப எங்கட துறைக்கும் ஒரு தலைவி கிடைச்சிட்டா எண்டு சொல்லு" என்றேன். அன்றிலிருந்து ஊரில் அவளுக்குத் தலைவி என்று பெயராகிவிட்டது. கேலிதான், ஆனால் பெருமையும் கலந்த கேலி.

ஆடி மாதக் கடைசியில் அந்தக் குழு வந்தது. ஆறு வற்றிக் கிடந்த காலம். குழுவில் அவளைத் தவிர நாலு பேர், நாலு நாடு. அவர்களுடைய பெயர்கள் என் நாக்கில் நிற்கவில்லை, படிப்பை வைத்தே சொல்கிறேன். அவர்கள் பாதையில் வரவில்லை. பதிவு செய்யாத மிதவையில் மாணவர்கள் ஏறக்கூடாது என்று அவர்களுடைய காப்புறுதியில் இருக்கிறதாம். வான் வண்டி ஒன்றில் பாலத்தைச் சுற்றிப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து இறங்கினார்கள். உயிருக்குப் பயந்துதான் ஏறவில்லை. அதே பாதையில் எங்கள் பிள்ளைகள் நாள்தோறும் ஏறுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசத்தான் கூட்டம் என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கூட்டத்தில் உசாந்திதான் மொழிபெயர்ப்பு. அங்கே பேசினால் என்ன ஆகும் என்று யோசித்து ஊரார் தயங்க, மங்கையற்கரசி எழும்பினாள். மகள் முன்னால் நிற்கிறாள் என்ற தெம்பு.

"எங்கட பாதை உக்கிப் பெய்த்து புள்ளையள். கீழால தண்ணி வருது. ரெண்டு பேர் கூட ஏறினா ஆடுது. கர்ப்பிணித் தாய்மாரும் இதாலதான் போகணும், இந்த மிஸ்ஸக் கேட்டுப் பாருங்க. வேற ஒண்டும் வேணாம். மாரிக்கு முன்ன ஒரு புதுப் பாதை போட்டுத் தாங்க."

உசாந்தி அதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் சொன்னாள். பாதைக்கு அவள் சொன்ன சொல் 'பாத்'. எங்கள் பாத் உக்கி இற்றுப்போய்விட்டது. பாத்துக்குக் கீழே தண்ணீர் வருகிறது. பாத் ஆடுகிறது. மழைக்கு முன் ஒரு புதிய பாத் வேண்டும்.

நானும் மண்டபத்தில் இருந்தேன். எனக்கும் ஓரளவு இங்கிலீஷ் தெரியும். ஒரு பிழையும் படவில்லை. எங்கள் காதுக்கு அது சரியாகவே கேட்டது, இரண்டு சொல்லும் கிட்டத்தட்ட ஒரே சத்தம் வேறு. ஒரு யாழ்ப்பாணத்தானோ கொழும்பானோ மொழிபெயர்க்க நின்றிருந்தால், பாதை எப்படி அம்மா உக்கும், எப்படி ஆடும் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். கேட்டதும் குட்டு வெளிப்பட்டிருக்கும். கேட்கத் தேவையில்லாதவள் உசாந்தி. அவள் பிறந்ததே பாதையடியில். 'ஃபெரி' என்ற இங்கிலீஷ் சொல் அவளுக்குத் தெரியாதது அல்ல. அது புத்தகத்தில் பார்த்த, கார்களை ஏற்றுகிற வெள்ளைக் கப்பல். அம்மா தயிர்ச்சட்டியோடு ஏறுகிற சாமானை அந்தப் பெயரால் அழைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கூட்டம் முடிந்ததும் துறையைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். ஊரிலிருந்து துறைக்குப் போகிற தெரு அப்போது வெறும் களிமண். முதல்நாள் யாரோ மாடு சாய்த்துக்கொண்டு போயிருந்தார்கள். எஞ்சினியர் பையனின் வெள்ளைச் சப்பாத்து கணுக்கால்வரை புதைந்துவிட்டது. இழுத்து எடுத்தவன், குனிந்து மண்ணைக் கிள்ளி மணந்து பார்த்தான். 'பாத் உக்கிவிட்டது' என்று மங்கையற்கரசி சொன்னது அவனுக்கு அந்த இடத்தில் பளிச்சென்று விளங்கியிருக்க வேண்டும். மண்ணில் உக்கல் அதிகம், கீழே நீரூற்று, பாரம் தாங்காமல் ஆடுகிறது. எல்லாம் பொருந்தியது. அக்கரையில் நின்ற பாதையை அவர்கள் தூரத்திலிருந்து படம் எடுத்தார்கள். அழகாக இருந்ததாம்.

இதில் யாரைக் குறை சொல்வது? அவன் நல்ல பையன். போகும்போது கைகூப்பி வணங்கிவிட்டுப் போனான்.

திரும்பிப் போய் நாலு துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. உட்கார்ந்து தங்கள் தங்கள் துறையைச் செய்தன. எஞ்சினியர் கீறினான். பொருளியல்காரி சனங்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டாள். டொக்டர் பெண் கர்ப்பிணிகள் வழுக்கி விழுவது குறையும் என்று எழுதினாள். சட்டக்காரன் நிலம் யாருடையது என்று தேடினான். ஒருவருடைய வேலைக்குள் மற்றவர் கைவைப்பது மரியாதை இல்லை என்பதால் உசாந்தி எஞ்சினியரின் படத்தைத் திறந்து பார்க்கவில்லை. தலைவியின் வேலை எல்லாவற்றையும் சேர்த்து முன்னுரை எழுதுவது. முன்னுரையில் பாத் என்ற சொல் எத்தனை இடத்தில் வந்ததோ, அத்தனை இடத்திலும் அவள் மனதில் மிதந்தது ஒன்று, வாசித்தவர் மனதில் கிடந்தது வேறொன்று. பொருள் பட்டியலில் சீமெந்தைக் கண்டாளாம். துறையில் கம்பிக் கயிறு கட்டுகிற தூணுக்கு என்று நினைத்தாளாம்.

காசு வந்தது. புரட்டாதியில் கொந்தராத்துக்காரர் லொறியில் சல்லியும் சீமெந்தும் கொண்டுவந்து கொட்டினார். ஊரார் ஏன் வாய் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். திறப்பதற்கு என்ன இருந்தது? முதலில் றோட்டைப் போட்டுவிட்டு அதன் மேலால் பாதையைக் கொண்டுவந்து இறக்கப்போகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இவ்வளவு பெரிய றோட்டு என்றால் வரப்போகிற பாதையும் பெரிதாகத்தான் இருக்கும் என்று துறைக்காரர் கனகசூரியம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாதையை இழுக்கிறவர் அவர்தான். ஓட்டைத் தெப்பத்துக்குத் தாரும் சாக்குத் துண்டும் அடைத்து அடைத்து அவருக்குக் கை கறுத்துப்போயிருந்தது.

வேலை முடிந்து, றோட்டுத் தலைப்பில் ஒரு பலகையும் நட்டார்கள். தமிழில் பெரிய எழுத்து: தில்லைத்துறைப் புதிய பாதை. கீழே இங்கிலீஷில் அந்தப் படிப்பின் பெயர்.

அன்று பின்னேரம் மங்கையற்கரசி மகளுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள். அதை உசாந்தி பிறகு எனக்குப் போட்டுக் காட்டினாள். இன்றைக்கும் அவளுடைய கைபேசியில் இருக்கிறது.

"மகள், றோட்டு நல்ல வடிவா இரிக்கி. சனமெல்லாம் உன்னத்தான் புகழுது. சேறு ஒட்டாம வீட்ட வந்தன். பாதை எப்ப மகள் வரும்?"

அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாளாம். அப்போதுதான் எஞ்சினியரின் படத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

மறுநாளே பேராசிரியரிடம் ஓடினாள். நல்ல மனுஷர்தான், முழுக்கக் கேட்டார். பிறகு, இப்படி ஓர் அனுபவம் எல்லாருக்கும் கிடைக்காது என்றார். மொழியும் தலைமைத்துவமும் பற்றி இதைவிடச் சிறந்த பாடம் இல்லை, உன் ஆய்வில் ஓர் அத்தியாயமாக எழுது என்றார். காசு முடிந்துவிட்டது, அடுத்த சுற்று அடுத்த ஆண்டு, அது வேறு நாடு. அத்தியாயத்தில் ஏறி ஆற்றைக் கடக்கலாமா என்று நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை, நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

பிறகு இங்கே பாதைகளுக்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோருக்கு எழுதினாள். பதில் இல்லை. தொலைபேசியில் பிடித்தால், பொறுப்பானவர் வெளியே போய்விட்டார். ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மழை எந்த நாளும் விழலாம். இறுதிப் பருவத்தில் அனுமதி இல்லாமல் போனால் இடம் போய்விடும் என்று எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

தாய்க்கு முதலில் சந்தோசம், பிறகு கோபம். "படிப்ப உட்டுப்போட்டு ஏன்கா வந்த? பாதை இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும். படிப்பு மறுகா வருமா?" என்று என் முன்னாலேயே ஏசினாள்.

"மாரிக்கு முன்ன எண்டு கேட்டது நீங்கதானே அம்மா" என்றாள் உசாந்தி.

கந்தோருக்கு நானும் அவளோடு போனேன். அங்கேதான் அந்தச் சொல் இரண்டாம் முறை கடித்தது.

மேசைக்கு அப்பால் இருந்தவர் தங்கமானவர் போலச் சிரித்தார். "தில்லைத்துறைக்குத்தான் புதுப் பாதை குடுத்தாச்சே? பத்திரிகையிலயும் வந்ததே."

"அது பாதை இல்ல சேர், றோட்டு" என்றாள் உசாந்தி.

"றோட்டா? புதிய பாதை எண்டு பலகையே நிக்குது."

"அவங்க றோட்டத்தான் பாதை எண்டு விளங்கிக்கிட்டாங்க சேர். நான் சொன்ன சொல்லு பிழைச்சிட்டு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "தங்கச்சி, திட்டத்துக்குப் பொறுப்பு நீங்கதானே? பாதை குடுத்தாச்சு எண்டு நீங்களே சொல்லிப்போட்டு, இப்ப நீங்களே வந்து இல்ல எண்டா நாங்க என்னெண்டு எடுக்கிற? இந்த வருசத்துப் பாதையள வேற துறையளுக்குப் பிரிச்சாச்சு."

வெளிநாட்டான் அந்தச் சொல்லைக் கேட்டு றோட்டைப் போட்டான். எங்கள் ஆள் அதே சொல்லை வாசித்துப் பாதை வந்துவிட்டது என்று கோப்பை மூடினான். இருவருக்கும் நடுவில் மங்கையற்கரசி தயிர்ச்சட்டியோடு உக்கின பலகையில் நிற்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருடைய மேசையைப் புரட்டியிருப்பேன். உசாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருதரம் வந்து பாருங்கள் சேர் என்று கெஞ்சினாள். அவர் வந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். மோட்டார் சைக்கிளில் பாலத்தைச் சுற்றி வந்து, புது றோட்டில் குலுங்காமல் துறைவரை வந்தார். பாதை அக்கரையில் நின்றது. கூப்பிட்டு எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு மழை இருட்டுது என்றார். தை பிறந்ததும் ஓர் ஏற்பாடு செய்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் றோட்டு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. முன்பு சேற்றுக்குப் பயந்து லாண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு மெசின்கள் துறைப்பக்கம் வருவதில்லை. உரமும் நெல்லும் பாலத்தைச் சுற்றித்தான் போகும். பாதையில் சைக்கிளும் ஆட்களும் மட்டும்தான். இப்போது சீமெந்து றோட்டு துறை விளிம்புவரை கொண்டுவந்து விடுகிறது. பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் ஒன்று ஏறிப் பார்த்தது, அக்கரை சேர்ந்தது. பிறகு எல்லாரும் ஏறத் தொடங்கினார்கள்.

உசாந்தி விடியப்புறமே துறைக்குப் போய் நின்று மறித்தாள். தனியாக. மழைக் குளிரில் ஒரு தாவணியைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் நிற்பதை நான் வேலைக்குப் போய் இறங்கும்போதெல்லாம் காண்பேன். பிரதீஸ் என்று ஒரு பொடியன், இரண்டு வளவு தள்ளி இருக்கிறவன், லாண்ட்மாஸ்டரை நிறுத்தாமலே கத்தினான்.

"நீதானே தங்கச்சி றோட்டுப் போட்டுத் தந்த? போட்டுத் தந்துபோட்டு இப்ப ஏறாத எண்டா என்ன கத?"

"அண்ணா, பாதை தாங்காது. தெப்பம் ஓட்டை."

"தலைவி சொன்னா நாங்க கேக்கணும் என்ன?"

நின்றவர்கள் சிரித்தார்கள். கனகசூரியத்திடம் போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் ஒருத்தன ஏத்தி ஒருத்தன இறக்கினா நாளைக்கு என்னத் துறையில நிக்க உடுவாங்களா மகள்?" என்றார். தாயையாவது மறிக்கப் பார்த்தாள். தயிர் ஒருநாள் தங்கினால் புளித்துவிடும், கடைக்காரன் வேறு ஆளைப் பிடித்துவிடுவான். மங்கையற்கரசி போய்க்கொண்டுதான் இருந்தாள். பயப்படாதே, எனக்கு நீந்தத் தெரியும் என்று மகளைத் தேற்றினாளாம்.

மார்கழியில் மழை விட்டு விட்டுப் பெய்து ஆறு முட்டிவிட்டது. அன்றைக்கு உசாந்தியை மட்டக்களப்பில் ஒரு பெரிய அதிகாரி சந்திக்க ஒத்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேரைப் பிடித்து வாங்கிய சந்திப்பு. முதல் ஓட்டத்திலேயே அவள் எழுவான்கரைக்கு வந்துவிட்டாள். துறையில் என்னைக் கண்டு, "இண்டைக்கு ஒரு முடிவு கிடைக்கும் மிஸ்" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க வீதிக்கு நடந்தாள். அவள் அன்று துறையில் நிற்கவில்லை. மறிக்க ஆள் இல்லை.

பாதை திரும்பிப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நான் இக்கரையில் குடையோடு நிற்கிறேன். இரண்டு லாண்ட்மாஸ்டர், இரண்டிலும் யூரியாப் பை. சுற்றிவர ஆட்கள். மங்கையற்கரசியின் பச்சைச் சேலையை என்னால் அடையாளம் காண முடிந்தது, வேலிக் கம்பியோரம் சட்டிகளை அணைத்துக்கொண்டு நின்றாள். அக்கரையை விட்டுக் கொஞ்சம்தான் வந்திருக்கும், ஒரு மூலை தாழ்ந்தது. பின்னால் நின்ற லாண்ட்மாஸ்டர் மெதுவாக அந்த மூலைப்பக்கம் உருளத் தொடங்கியது. யாரோ அதைப் பிடிக்கப் போனார்கள். எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். பாதை ஒரு பக்கமாக எழும்பி நின்றது. அவ்வளவுதான். சத்தம் எனக்குப் பிந்தித்தான் கேட்டது.

நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. மீன் பிடித்துக்கொண்டு நின்ற தோணிக்காரர்கள் விரைந்து போய் அகப்பட்டவர்களை இழுத்துப் போட்டார்கள். பெரும்பாலானோர் தப்பினார்கள். மூன்று பேர் இல்லை. உரப் பைமேல் இருந்து வந்த கூலிக்காரர் ஒருவர், ரியூசனுக்குப் புறப்பட்ட ஒரு பெண்பிள்ளை, மங்கையற்கரசி. நீந்தத் தெரிந்தவள்தான். வேலிக் கம்பிக்கும் லாண்ட்மாஸ்டருக்கும் நடுவில் அகப்பட்டிருந்தாள். திரும்பத் திரும்பச் சுழியோடி அவளை எடுத்தது பிரதீஸ்.

சத்தம் கேட்டு உசாந்தி வீதியிலிருந்து ஓடிவந்தாள். ஆற்றைப் பார்த்தாள். பாதை இருந்த இடத்தில் யூரியாப் பைகள் மிதந்தன. என்னைப் பார்த்து, "அம்மா ஏறினாவா மிஸ்?" என்று கேட்டாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் அழவில்லை. அந்த முகத்தை இனி என் வாழ்நாளில் காணவே கூடாது.

அதற்குப் பிறகு கந்தோர்கள் எல்லாம் திடுக்கிட்டு விழித்தன. தை முடியுமுன் புத்தம் புதிய பாதை வந்து இறங்கியது, மாலை போட்டு ஓடவிட்டார்கள். பேராசிரியர் நீண்ட ஆறுதல் கடிதம் எழுதினார், இடத்தைத் திரும்பத் தருவதாகவும் வந்து அந்த அனுபவத்தைப் பற்றி மாணவர்களுக்கு உரையாற்ற வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அவள் பதில் போடவில்லை. புதுப் பாதையில் அவள் இதுவரை ஏறியதில்லை. தில்லைத்துறைக்கு ஒருமுறைதான் போனாள், அது தாயைக் கொண்டுபோன நாள்.

மரண விசாரணை முடிந்து உடலைப் பெட்டியில் வைத்துக் கையில் தர அடுத்தநாள் மத்தியானம் ஆகிவிட்டது. பாலத்துக்கு அப்பால் படுவான்கரை வீதியை வெள்ளம் மூடிவிட்டது, வாகனம் போகாது. பாதையும் இல்லை. இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, குறுக்கே பலகை போட்டு, பெட்டியை அதில் வைத்து அக்கரைக்குக் கொண்டுபோனோம். உசாந்தி பெட்டியில் ஒரு கையை வைத்தபடி வந்தாள். துறையில் ஊரே நின்றது. ஒருவரும் அவளைத் தலைவி என்று கூப்பிடவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆறு பேர் பெட்டியைத் தோளில் எடுத்தார்கள். முன்னால் ஒரு பக்கம் பிரதீஸ். புதிய பாதை என்ற பலகையைத் தாண்டி, றோட்டில் நடக்கத் தொடங்கினோம். நாள் முழுக்கப் பெய்த மழையில் இரண்டு பக்கமும் களி, முழங்கால் புதையும். றோட்டில் மட்டும் ஒரு சொட்டு நீர் நிற்கவில்லை, அந்தப் பையன் சாய்வெல்லாம் கணக்காகப் போட்டிருந்தான். தூக்கினவர்களின் கால் ஓரிடத்திலும் இடறவில்லை. உசாந்தி பெட்டிக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி அந்தச் சீமெந்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிவிட்டுப் பிரதீஸ் அவள் முன்னால் வந்து நின்றான். சுழியோடிச் சுழியோடி அவனுக்குக் கண் இரண்டும் இன்னும் சிவந்திருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று அவன் தவித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"றோட்டு நல்லம் தங்கச்சி" என்றான் அழுதுகொண்டே. "அம்மாவ ஆட்டாம அசைக்காமக் கொண்டு வந்திட்டம்."